புருஷனுக்குக் கிடையாது

— அந்தப் பையை எடுத்துக் கீழ வை, எலாடியோ. நான் இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள நீ துணி அடுக்கிட்டு இருக்கே.

— தலைநகரம் வரைக்கும், நாசோவுக்குப் போயிட்டு வந்தவ நீ. முதல்ல நீ சொல்லு, வெர்டெல். ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?

— ஒரு டம்ளர் தண்ணி குடு. விமானத்துலயே தொண்டை காஞ்சு போச்சு.

— அப்போ இல்லைன்னுட்டாங்க.

— இல்லைன்னு யாரு சொன்னா?

— நல்ல சேதியா இருந்தா தெருமுனையிலிருந்தே கத்திக்கிட்டு வந்திருப்பே. ஊர் பூரா தெரிஞ்சு, கடைசியாத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணி கேக்கற ஆளா நீ?

— இல்லைன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. உன் மனு பத்திரமா இருக்காம். மந்திரி மேசைக்குப் போயிருக்காம். எப்போம்மா திரும்பி வரும்னு கேட்டேன். அதுக்குக் கெடு ஒண்ணும் கிடையாது மேடம், மேல இருக்கறவங்க பார்க்கும்போது பார்ப்பாங்கன்னா ஆபீஸ்ல இருந்த பொண்ணு. மரியாதையாத்தான் பேசினா. அதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் பேசியிருந்தா நானும் நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுட்டு வந்திருப்பேன்.

— சண்டைக்கு ஆள் கிடைக்காம வந்திருக்கே. அதான் நுழையும்போதே என் பையைப் பிடிச்சுக்கிட்டே.

— முழுசாக் கேளு. என் வீட்டுக்காரர் பொண்ணா இருந்து நான் ஆம்பளையா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டா. அது வேற மேடம், நம்ம ஊர் ஆம்பளை கட்டிக்கிட்டு வந்த பொண்டாட்டின்னா குடியுரிமை கேட்டு வாங்கறது அவ உரிமை, நம்ம ஊர்ப் பொம்பளை கட்டிக்கிட்ட புருஷன்னா அவங்க மனசு வச்சாத்தான்னா. உனக்கே இது நியாயமாப் படுதா கண்ணுன்னு கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துட்டு மெதுவாச் சொல்றா, என் வீட்டுக்காரர் கயானாக்காரர் மேடம், அவர் மனுவும் உங்க மனுவுக்குக் கீழதான் கிடக்குதுன்னு.

— பாவம்.

— அவளுக்குப் பாவம் பார்க்கறியா நீ? எனக்கு அங்கேயே தரையில உட்கார்ந்து அழலாம் போல இருந்துச்சு. அங்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கறவளுக்கே இந்தக் கதின்னா நமக்கு யாரு இருக்கா, சொல்லு.

— பரவால்ல, விடு.

— பரவால்ல விடு, பரவால்ல விடு. உன் வாயைத் திறந்தா இது ஒண்ணுதான் வரும். அம்மா, நீ என்ன உன் பாட்டுக்கு மீன் செதிலைச் சுரண்டிக்கிட்டு இருக்கே? ஏது இவ்வளவு மீன்?

— நான் வாயைத் திறக்கலம்மா. உன் புருஷனையே கேளு.

— ருடியார்ட் கொண்டாந்து குடுத்தான்.

— ருடியார்ட் அண்ணனா? நாளைக்கு சிங்கி இறால் சீசன் திறக்குது. விடியும்போதே படகு எடுக்கணுமே, அதைப் பத்திப் பேச வந்தாரா?

— அதைப் பத்தித்தான். நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போக முடியாதாம்.

— ஏன்?

— ஏன்னு உனக்குத் தெரியாதா? இந்த நாட்டு ஆளுதான் கடல்ல பிடிச்சு விக்கலாம்னு சட்டம் வந்தாச்சுல்ல. போன சீசன்ல எப்படியோ ஓட்டினோம். காவல் படகு வந்தப்போ என்னை ஐஸ் பெட்டிக்குள்ள இறக்கி மூடிட்டாங்க. சிங்கியோட சிங்கியா படுத்திருந்தேன். மேல அவங்க ருடியார்ட் கிட்ட வெயிலைப் பத்திப் பேசிட்டு இருக்காங்க, கீழ எனக்குப் பல்லு தந்தி அடிக்குது. இந்த வருஷம் அந்தப் பெட்டியையும் திறந்து பார்ப்பாங்களாம். என்னைப் பிடிச்சா படகு போயிடும். படகு மேல பேங்க் கடன் இருக்கு, பொண்ணு காலேஜ் போறா, மன்னிச்சுக்கோடான்னான்.

— இத்தனை வருஷம் அவருக்கு முக்குளிச்சுக் குடுத்தவன் நீ. அவர் வீட்டு மாடி எழும்பினதே உன் மூச்சுல.

— அவன் மேல கோபப்படாதே. மூஞ்சியைக்கூடப் பார்க்கல பாவம். மீன் கூடையை உங்கம்மா மிஸ் இஸ்மே கையில குடுத்துட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே பேசினான். அவனோட பழைய கண்ணாடி ஒண்ணு, தண்ணிக்குள்ள போடறது, அதையும் குடுத்துட்டுப் போறான். கடலுக்கே போகக் கூடாதுங்கறவனுக்குக் கடல் கண்ணாடி.

— அவர் பொண்டாட்டி பெவர்லி மட்டும் ஜமைக்காவிலிருந்து வந்து ஜம்முனு பாஸ்போர்ட் வாங்கிட்டா.

— பெவர்லி நல்லவ. அவளை இழுக்காதே.

— நல்லவதான். யாரு இல்லைன்னா? ஆனா அவளுக்கு முழங்கால் அளவு தண்ணியில நின்னாலே தலை சுத்தும். தோணியைப் பார்த்தாலே வாந்தி. சட்டப்படி நாளைக்கு அவ முக்குளிச்சு சிங்கி பிடிக்கலாம். நீ பிடிக்கக் கூடாது.

— அவளை அனுப்பச் சொல்லு ருடியார்டை. அவ வாந்தி எடுக்கற சத்தத்துல பாதி சிங்கி பயந்து தானா படகுல ஏறிடும்.

— சிரிக்காதே. எனக்கு இப்போ சிரிப்பு வரல.

— எனக்கும் வரல. வேற என்ன பண்றதுன்னு தெரியல, அதான்.

— சரி. பையைப் பத்திச் சொல்லு. எங்க கிளம்பறே?

— எங்க ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துட்டு வரேன். ரொம்ப நாளாச்சு.

— உங்கம்மாவுக்கு என்ன?

— முடியலையாம்.

— போன வாரம்தான் போன்ல பேசினா. என் சமையலைக் கிண்டல் பண்ணிக்கிட்டு நல்லாத்தானே இருந்தா. இன்னைக்கு மத்தியானத் தபால் கப்பலைப் பிடிக்கற அளவுக்கு என்ன முடியாம போச்சு?

— வயசாச்சில்ல.

— எலாடியோ, உனக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துடும்.

— வெர்டெல், அவரைப் போட்டு நோண்டாதே.

— ஏம்மா, உனக்கு ஏதோ தெரியும் போல இருக்கே.

— நான் வாயைத் திறக்கல.

— அப்போ திற. வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம என்ன நடக்குது?

— தம்பி, நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா மாமியார் கோள் சொன்னாங்கற மாதிரி ஆயிடும்.

— பரவால்ல மிஸ் இஸ்மே. சொல்லிடறேன். நேத்து எங்கண்ணன் ராமிரோ போன் பண்ணினான். அவன் படகுக்கு ஆள் வேணுமாம்.

— எந்தப் படகு?

— அவனுக்கு இருக்கறது ஒரே படகு.

— உங்க ஊர்லேருந்து நம்ம கடல்ல திருட வருமே, அந்தப் படகா?

— மெதுவாப் பேசு.

— ஏன் மெதுவாப் பேசணும்? விளக்கை அணைச்சுட்டு வந்து, கண்ணுல பட்டதையெல்லாம் வாரிக்கிட்டுப் போறானுங்களே, குட்டிச் சிங்கி, முட்டை வச்ச சிங்கின்னு ஒண்ணு விடாம, அந்தக் கும்பல்லயா நீ போய் ஏறப் போறே? நம்ம கடல்லயா?

— நம்ம கடலுன்னு சொல்றியே, அந்த நம்மள்ல நான் இருக்கேனா?

— வார்த்தையைப் பிடிக்காதே.

— பிடிக்கல. நிஜமாவே கேக்கறேன். ருடியார்டோட நான் முக்குளிச்சா இந்த நாட்டுக்காரன் பிழைப்பைக் கெடுத்தவன். எங்கண்ணனோட முக்குளிச்சா திருடன். ரெண்டு பக்கமும் அதே பாறைதான், அதே சிங்கிதான், தண்ணிக்குள்ள போறதும் இதே நெஞ்சுதான். எந்தப் படகுல ஏறினாலும் நான் குத்தவாளின்னா, சம்பளம் குடுக்கற படகுல ஏறிட்டுப் போறேன்.

— பிடிச்சா ஜெயில். தெரியுமா? வெளியே விட்டதும் நேரா விமானத்துல ஏத்தி உங்க ஊருக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தக் கரையில கால் வைக்க முடியாது. அந்த மனு மந்திரி மேசையில இருந்து குப்பைக்கூடைக்குப் போகும். நெரிஸா ஸ்கூல்ல அப்பா எங்கன்னு கேட்டா என்னடா சொல்லும் குழந்தை?

— இப்போ மட்டும் என்ன சொல்லுது? வீட்டுல எல்லாருக்கும் நீலப் பாஸ்போர்ட் இருக்கு, உனக்கு மட்டும் ஏன்ப்பா சிவப்புன்னு கேக்குது. உனக்கு அந்த நிறம் பிடிக்காதான்னு கேக்குது.

— அதுக்கு நீ என்ன சொன்னே?

— ஆமாம், சிவப்புதான் பிடிக்கும்னேன்.

— ராமிரோவுக்கு ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா? உன்னை ஏன் கூப்பிடறான்?

— எனக்கு இந்தத் தண்ணி தெரியும்.

— என்ன தெரியும்?

— விடு வெர்டெல்.

— இல்ல, சொல்லு. சிங்கி வந்து ஒண்டறதுக்கு ருடியார்ட் அண்ணன் கடலடியில கூடு இறக்கி வச்சிருக்கற இடமெல்லாம் உனக்குத் தெரியும். அதுக்குத்தானே கூப்பிடறான்?

— அந்தக் கூடெல்லாம் நான் இறக்கினது. தகரம் வெட்டினது நான். கட்டையில ஆணி அடிச்சது நான். ஒவ்வொண்ணையும் கடலடிக்குக் கொண்டு போய்க் கல்லு வச்சு நிறுத்தினது நான். ருடியார்டுக்கு அதெல்லாம் படகுக் கருவியில விழற புள்ளி. எனக்கு ஒவ்வொரு கூட்டுக்கும் எந்தப் பக்கம் வாசல்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல வரும்.

— அதை உங்கண்ணனுக்குக் காட்டிக் குடுக்கப் போறே.

— காட்டிக் குடுப்பேன்னு நான் சொன்னேனா?

— காட்டிக் குடுக்காம உன்னை அந்தப் படகுல சும்மா உட்கார வச்சுச் சோறு போடுவானா?

— தெரியல வெர்டெல். சத்தியமாத் தெரியல. படகுல ஏறுற வரைக்கும்தான் நான் யோசிச்சிருக்கேன்.

— தம்பி, ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது பேசுங்க. பயறு சோறு ஆறிப் போகுது. மீனும் வெந்துடுச்சு.

— அம்மா, இப்போ சோறா முக்கியம்?

— கப்பல்ல போறவர் வெறும் வயித்தோட போகக் கூடாது.

— நீயே வழியனுப்பி வைக்கறியா?

— நான் யாரையும் அனுப்பல, யாரையும் பிடிச்சு வைக்கவும் இல்ல. என் கையில இருக்கறது இந்தக் கரண்டிதான்.

— எலாடியோ, இங்க பாரு. உட்காரு. நாம நாசோவுக்கே போயிடுவோம். அங்க ஹோட்டல் கட்டறாங்க. கரையில வேலை பார்க்க உனக்கு அனுமதி இருக்கு.

— போனேனே. மறந்துட்டியா? சிமெண்ட் கலந்தேன். கம்பி கட்டினேன். அந்த மேஸ்திரி என் பேரைக் கேட்கவே இல்ல, ஏ டொமினிகான்னே கூப்பிட்டான் கடைசி வரைக்கும். அதுகூடப் பரவால்ல. ராத்திரி படுத்தா மூச்சு விட முடியல. காத்துக் குழாயைக் கடிச்சுக்கிட்டு அவ்வளவு ஆழத்துல கிடந்தவனுக்கு, நாலு சுவத்துக்குள்ள மூச்சு முட்டுது. சொன்னா சிரிப்பே.

— சிரிக்க மாட்டேன். சொல்லேன்.

— எனக்கு வேற ஒண்ணும் தெரியாது வெர்டெல். பன்னெண்டு வயசுலேருந்து தண்ணிக்குள்ளதான் இருக்கேன். மேல வந்தா நான் யாருன்னு எனக்கே புரியல. இந்த ஊர்ல எனக்கு என்ன பேரு? வெர்டெல் புருஷன். கடையில கடன் சொன்னாலும் வெர்டெல் புருஷன் கணக்குதான். தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் நான் எலாடியோ. அதையும் புடுங்கிட்டாங்க.

— அப்போ என்னை என்ன பண்ணச் சொல்றே?

— நீ எங்க ஊருக்கு வா. நெரிஸாவைக் கூட்டிட்டு. அங்க என்னைக் கட்டிக்கிட்டவங்கற பேர்லயே உனக்குக் குடியுரிமை கேட்கலாம். உன்னை யாரும் ஐஸ் பெட்டியில ஒளிச்சு வைக்க மாட்டாங்க.

— அம்மாவை யாரு பார்ப்பா? அந்தக் காலை வச்சுக்கிட்டு அவளால கிணத்தடி வரைக்கும் போக முடியல.

— என் காலை எதுக்கு இழுக்கறே? அது பாட்டுக்கு வீங்கும், அது பாட்டுக்கு வடியும். நீ போறதுன்னா போம்மா.

— பார்த்தியா, இப்படிச் சொல்லித்தான் என்னைக் கட்டிப் போடுவா. போம்மா போம்மான்னுவா, நான் போனா மறுநாளே கீழ விழுந்து கிடப்பா.

— பரவால்ல, விடு. வர முடியாதுன்னு எனக்கும் தெரியும். கேட்டு வைப்போமேன்னு கேட்டேன்.

— இவ்வளவுக்கும் காரணம் இந்த ஊர்ச் சனங்கதான். எனக்கு வயிறு எரியுது.

— ஊர் என்ன பண்ணுச்சு?

— என்ன பண்ணல? இந்தச் சட்டத்தை மாத்தலாமான்னு நாடு பூரா ஓட்டு வச்சாங்களா இல்லையா? பொண்டாட்டிக்குக் குடுக்கறதைப் புருஷனுக்கும் குடுக்கலாமான்னு நேரடியா, பச்சைக் குழந்தைக்குப் புரியற மாதிரி கேட்டாங்க. ஆமான்னு குத்தியிருந்தா இன்னைக்கு நீ நிமிர்ந்து நடந்துபோய்ப் படகுல ஏறியிருப்பே. இல்லைன்னு குத்திட்டு வந்தாங்க, அத்தனை பேரும்.

— அது பழைய கதை. விடு.

— பழைய கதையா? அதுதான் இன்னைக்கு உன் பையை அடுக்குது. ஆம்பளைங்க குத்தினாங்கன்னாக்கூட ஒரு தினுசு. பொம்பளைங்களே போய் வரிசையில நின்னு, எம் மகளுக்கு இந்த உரிமை வேண்டாம்னு குத்திட்டு வந்தாளுங்க. உலகத்துல எங்கயாவது உண்டா? ஞாயித்துக்கிழமையானா நீ பிடிச்சுக் குடுத்த சிங்கியை சர்ச் விருந்துல விரலை நக்கி நக்கித் தின்னாளுங்களே, அதே பொம்பளைங்க.

— வெர்டெல், விடு. வேற பேசு.

— ஏன் விடணும்? உனக்கு ஏன் கோபமே வர மாட்டேங்குது?

— கப்பலுக்கு நேரமாச்சு. போற நேரத்துல எதுக்கு அது?

— போற நேரம்னு சொல்லாதே. நீ போகல. இரு. அம்மா, உன்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அங்க என்ன திரும்பிக்கறே?

— நான் வாயைத் திறக்கல.

— எப்படித் திறப்பே? நீயும் உன் சர்ச் சிநேகிதிங்களும் கையைக் கோத்துக்கிட்டுத்தானே போனீங்க. அந்த வினை இன்னைக்கு யாரு தலையில விடிஞ்சிருக்கு பார்த்தியா? சொந்த மருமகன் தலையில.

— வெர்டெல், அந்தப் பேச்சு வேண்டாம்மா.

— ஏன் வேண்டாம்? கேக்கக் கஷ்டமா இருக்கா? சொல்லு, எதுல குத்தினே?

— அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல.

— இல்ல, எனக்கும் உனக்கும் நடுவுல. இவர் முன்னாடியே சொல்லு. இல்லைன்னுதானே குத்தினே?

— மிஸ் இஸ்மே, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ள போங்க.

— இல்ல தம்பி. இவ்வளவு தூரம் வந்தப்புறம் என்ன. ஆமான்னுதான் குத்தினேன்.

— பொய்.

— பாதிரியார் ஓட்டுச்சாவடி வாசல்ல நின்னு, இல்லைன்னு குத்தச் சொல்லி எல்லாருக்கும் கை குடுத்துட்டு இருந்தார். அவர் கையைக் குலுக்கிட்டு, சரிங்க ஐயா, சரிங்க ஐயான்னு தலையை ஆட்டிட்டு, உள்ள போய் ஆமான்னு குத்திட்டு வந்தேன்.

— நீயா? ஏன்?

— ஏனா? உங்கப்பா எந்த ஊரு வெர்டெல்?

— டர்க்ஸ் தீவு, பக்கத்து நாடு.

— எத்தனை தடவை மனு போட்டாருன்னு உனக்குத் தெரியுமா? உனக்குச் சொல்ல வேண்டாம்னுட்டார். புள்ளைக்கு அப்பன் வெளியாளுன்னு தோணக் கூடாதுன்னுட்டார். கடைசியா ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுகூட, பதில் ஏதாவது வந்துச்சா இஸ்மேன்னு கேட்டார். வந்துடும்னேன். இந்த வீட்டு அஸ்திவாரத்துக்குக் கல்லு உடைச்ச மனுஷன், இந்த ஊர்க்காரனா சாகல. அப்படிப்பட்ட நான் இல்லைன்னு குத்துவேனா?

— அம்மா, அப்பா எனக்கு ஒரு வார்த்தை...

— சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பியா நீ? அன்னைக்கு உன்னை யாராலயாவது நிறுத்த முடிஞ்சுதா?

— அம்மா. போதும்.

— நான் வாயைத் திறக்கல, திறக்கலன்னு மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் நோண்டினே.

— அம்மா, அவர் இங்க நிக்கறார்.

— நிக்கட்டும். இத்தனை வருஷமா ஊரையே திட்டறே, நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு என்னையும் சேர்த்துக்கிட்டே. இல்லைன்னு குத்துங்கன்னு லாரி மேல நின்னு மைக்கைப் பிடிச்சது யாரு வெர்டெல்? நானா? ஊர் ஊரா போனது யாரு? இந்தத் தீவுல உன் தொண்டைக்கு இருக்கற பேரு யாருக்கு இருக்கு? பாட்டும் நீதான், பேச்சும் நீதான். மண்டபத்துக்கு முன்னால லாரியை நிறுத்திட்டு நீ பேசினப்போ நான் கூட்டத்துல கடைசியில நின்னேன். கல்யாணம்ங்கற சாக்குல கப்பல் கப்பலா வந்து இறங்குவானுங்க, கடலையும் சுருட்டுவானுங்க, கட்டினவளையும் விட்டுட்டு ஓடுவானுங்கன்னு சொன்னே. வரப்போறவன் உங்க வீட்டு மாப்பிள்ளை இல்லை, உங்க வீட்டுத் திருடன்னு சொன்னே. எனக்கு அங்கேயே உங்கப்பா முகம் வந்து நின்னுச்சு.

— என் சிநேகிதி கேவாவுக்கு அப்படித்தானே நடந்துச்சு. கட்டிக்கிட்டு, அவ சேர்த்து வச்சதையெல்லாம் எடுத்துக்கிட்டு அந்த வெளிநாட்டுக்காரன் ஓடல? அவ என் மடியில விழுந்து அழுதா. அந்தக் கோபத்துல பேசினேன். எனக்கு அப்போ என்ன வயசு? இவரை எனக்கு அப்போ தெரியவே தெரியாதும்மா.

— தெரியாதுதான். அதனாலதான் இத்தனை நாள் நான் பேசல. போதும். நான் நெரிஸாவைக் கூட்டிட்டு வரேன், ஸ்கூல் விட்டிருக்கும். அப்பனை ஒரு தடவை பார்க்கட்டும்.

— அம்மா, போகாதே. அம்மா.

— தம்பி, சோத்தை மூடி வச்சிருக்கேன்.

— சரிங்க மிஸ் இஸ்மே.

— எலாடியோ.

— ம்.

— ஏதாவது பேசு.

— அந்தச் சட்டை எங்க, காலர் கிழிஞ்சது? அதையும் எடுத்துக்கறேன். கப்பல்ல போட்டுக்கலாம்.

— என்னைத் திட்டு. எதையாவது எடுத்து எறி. சும்மா துணியை மடிக்காதே.

— எதை எறியறது? இந்த வீட்டுல எல்லாம் உன் பேர்ல வாங்கினது.

— நான் இல்லைன்னுதான் குத்தினேன். ஊருக்குச் சொன்னதோட நிக்கல, நானும் குத்தினேன். அப்புறம் நீ வந்தே. எத்தனையோ தடவை சொல்லிடணும்னு வந்திருக்கேன். ஒவ்வொரு தடவை நாசோவுக்குப் போய்ட்டு வரும்போதும், இந்தத் தடவை கிடைச்சுட்டா சொல்லவே வேண்டாமேன்னு நினைச்சுப்பேன். கேக்குதா?

— கேக்குது. கப்பல் ஊதுது.

— நான் கேட்டது அதையில்ல.

— மஞ்சள் கவுன் போட்டிருந்தே.

— என்ன?

— அன்னைக்கு. லாரி மேல. மஞ்சள் கவுன், தலையில வெள்ளைத் துணி. வெயில் தாங்காம நடுவுல ஒரு கிழவர் குடை பிடிச்சார். நீ வேண்டாம்னு தள்ளி விட்டே.

— உனக்கு எப்படித் தெரியும்? நீ என்னை முதல்ல பார்த்தது ருடியார்ட் அண்ணன் வீட்டு விருந்துலதானே?

— நீ என்னை முதல்ல பார்த்தது அங்க. நான் அதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். ருடியார்ட் படகுக்கு வந்து சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகல. மண்டபத்துக்கு முன்னால கூட்டமா இருக்கேன்னு நானும் போய் நின்னேன். இங்கிலீஷ்ல சோறு, தண்ணி, கயிறு, இந்த மூணு வார்த்தை தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது.

— கடவுளே. நான் பேசினது உனக்கு...

— ஒரு எழுத்து புரியல. சாமி பாட்டுக்கு நடுவுல ஏதோ நல்லது சொல்றேன்னு நினைச்சேன். ஆனா குரலு... எங்கூர்ல அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இந்தத் தீவுல இருந்தா இவ பக்கத்துலதான் இருக்கணும்னு அங்கேயே நின்னுக்கிட்டு முடிவு பண்ணினேன்.

— நான் சொன்னது என்னன்னு அப்புறம் எப்போ தெரிஞ்சுது?

— ருடியார்ட் சொன்னான். நம்ம கல்யாணத்துக்கு முதல் நாள். குடிச்சிருந்தான். நீ அன்னைக்குப் பேசினதை வரி வரியாப் பேசிக் காட்டிட்டு, அவளையேவா கட்டப் போறேன்னு விழுந்து விழுந்து சிரிச்சான்.

— தெரிஞ்சேதான் கட்டினியா?

— தெரிஞ்சேதான்.

— இத்தனை வருஷமா ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறேன். ராத்திரி பகலா ஊரைத் திட்டறேன். நீ பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கே. ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட ஏன்டி இப்படிப் பண்ணினேன்னு கேக்கணும்னு தோணலையா உனக்கு?

— எந்த வாயால கேக்கறது வெர்டெல்? நீ பேசி முடிச்சதும் எல்லாரும் அசையாம நின்னாங்க. முதல்ல கை தட்டினவன் நான். என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க தட்டினாங்க.